கிட்டாரோடு வந்த கடத்தல்காரன்: ‘மூடுபனி’யை மறுபடி பார்த்தபோது

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். என் அக்கா கல்யாண ரிசப்ஷன்ல மைக்கைப் பிடிச்சு நான் பாடின பாட்டு ‘என் இனிய பொன் நிலாவே’. கிட்டார்ல நான் முதன்முதலா ஒழுங்கா வாசிக்கக் கத்துக்கிட்ட பாட்டும் அதுதான். உங்கள்ல பாதிப் பேருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். தமிழ்நாட்டுல கிட்டார் வாங்குற யாரா இருந்தாலும் மூணாவது மாசத்துல அந்தப் பாட்டுக்கு வந்து நிப்பாங்க.

ஆனா அந்தப் பாட்டு வர்ற படத்தை நான் முழுசாப் பார்த்ததே இல்ல. சின்ன வயசுல டிவியில துண்டு துண்டாப் பார்த்ததுதான். போன மாசம் ஒரு ராத்திரி உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். பக்கத்துல அம்மா. அவங்க 1980-ல மதுரையில காலேஜ் படிச்சப்போ தியேட்டர்ல பார்த்தவங்க. படம் முடிஞ்சதும் அவங்க ஒரு விஷயம் சொன்னாங்க. அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல படம்.

ஒரு எச்சரிக்கை: கதையைச் சொல்லித்தான் பேசப் போறேன். நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இதுக்கு மேலயும் ஸ்பாய்லர்னு கோபப்படக் கூடாது.

1980 தீபாவளி

அந்த வருஷத் தீபாவளியை ஒருமுறை நினைச்சுப் பாருங்க. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’, பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ரஜினி நடித்த ‘பொல்லாதவன்’ எல்லாம் ஒரே நேரத்தில் தியேட்டருக்கு வந்தன. அந்தக் கூட்டத்துல, சத்தமே இல்லாமல் வந்த படம் ‘மூடுபனி’.

இயக்கம், ஒளிப்பதிவு இரண்டும் பாலு மகேந்திரா. இலங்கை மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். அதற்குள் கன்னடத்தில் ‘கோகிலா’, தமிழில் ‘அழியாத கோலங்கள்’ எடுத்திருந்தார். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ படத்துக்குக் கேமரா பிடித்திருந்தார். பெரிய விளக்குகளைக் கொட்டாமல், ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்தில் ஒரு முகத்தைக் காட்டுறது எப்படின்னு தமிழ் சினிமாவுக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்களில் ஒருவர்.

இசை இளையராஜா. அவருக்கு இது நூறாவது படம். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-ல். நாலே வருஷத்துல நூறு! பாலு மகேந்திராவின் முந்தைய இரண்டு படங்களுக்கும் இசை சலில் சௌத்ரி. ‘மூடுபனி’யில் தொடங்கிய பாலு மகேந்திரா-இளையராஜா கூட்டணி, இயக்குநரின் கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ (2013) வரைக்கும் போனது.

கதை இதுதான். பெங்களூரில் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் அடுத்தடுத்துக் கொலை செய்யப்படுகிறார்கள். கொலைகாரன் யார் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். சந்துரு. பிரதாப் போத்தன் நடித்த பாத்திரம். பணக்காரன், படித்தவன், மெதுவாப் பேசுறவன். சின்ன வயசுல அப்பா அம்மாவைக் கொடுமைப்படுத்தியதையும், வேறு பெண்களிடம் போனதையும் பார்த்து வளர்ந்தவன். அந்தக் கோபத்தை அப்பா மேல காட்டாமல், அந்தப் பெண்கள் மேல காட்டுகிறான்.

இவன் கண்ணில் படுகிறாள் ரேகா. ஷோபா நடித்தது. அவளிடம் அம்மாவின் சாயலைப் பார்க்கிறான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவன் அவளைக் கடத்திக்கொண்டு போய் ஊட்டியில் தனியாக இருக்கும் ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறான். படத்தின் பின்பாதி பெரும்பாலும் அந்த வீடும், பனியும், இந்த இரண்டு பேரும்தான்.

பாட்டு எங்கே வருது?

இப்ப அந்த இடத்துக்கு வர்றேன். ஊட்டி வீடு. சந்துரு கையில் கிட்டார். ஜேசுதாஸின் குரல், கங்கை அமரனின் வரிகள். கேட்டுக்கொண்டு இருப்பவள் ரேகா.

அதாவது பாடுறவன் கடத்தினவன், கேட்கிறவள் கடத்தப்பட்டவள். எழுந்து போக அவளுக்கு வழியில்லை.

பாஸ் பண்ணி, திரும்ப முதல்ல இருந்து பார்த்தேன். இத்தனை வருஷமா அந்தப் பாட்டை நான் அவனோட இடத்துல இருந்துதான் கேட்டிருக்கேன். இந்தத் தடவை அவளோட இடத்துல இருந்து கேட்டேன். மெட்டு அதே மெட்டுதான், ஆனா உள்ளுக்குள்ள ஏதோ சில்லுனு ஆயிடுச்சு. ஷோபா முகத்துல பெருசா ஒண்ணும் நடக்கல. அழுகை இல்ல, கத்தல் இல்ல. அந்த அமைதியை நான் காதல்னு படிச்சிருக்கேன். முழுக்கதையும் தெரிஞ்சு பார்க்கும்போது அது கணக்குப் போடுற அமைதி. இவன் சந்தோஷமா இருக்கிற வரைக்கும் நான் உயிரோட இருப்பேன்ங்கிற கணக்கு.

படம் அந்தப் பாட்டைக் காதல் பாட்டுன்னு சொல்லி நம்மை ஏமாத்தல. அவன் யார்னு முன்னாடியே காட்டிட்டுத்தான் கிட்டாரை அவன் கையில் கொடுக்குது. கதையை மறந்தது கேட்ட நாமதான். அது எப்படி நடந்துச்சு?

ரேடியோ செய்த வேலை

இதுல ஒரு வரலாறு இருக்கு. 1980-ல் ஒரு படத்தை மறுபடி பார்க்கணும்னா மறுபடி டிக்கெட் வாங்கணும். வீட்டில் வீடியோ பிளேயர் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். படம் தியேட்டரை விட்டுப் போனால் கதையும் போய்விடும். பாட்டு மட்டும் தங்கிவிடும். இலங்கை வானொலியில, விவித பாரதியில, டீக்கடையில, அப்புறம் கேசட்டுல. ஒருவர் ‘மூடுபனி’யை ஒரு தடவை பார்த்திருந்தால், அந்தப் பாட்டை ஐந்நூறு தடவை கேட்டிருப்பார். ரேடியோவில் ஊட்டி வீடு தெரியாது. பூட்டின கதவு தெரியாது. ஜேசுதாஸ் மட்டும்தான் கேட்பார்.

தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ வந்தபோதும் பாட்டுகளைத் தனியாக வெட்டித்தான் காட்டினார்கள். பிறகு எஃப்எம், ரிங்டோன், யூடியூப், ரீல்ஸ். ஒவ்வொரு புது வசதியும் பாட்டை அந்தக் கதையிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரமாகத் தள்ளிவிட்டது.

சமீபத்திய உதாரணம் ஒன்று. ‘அகத்தியா’ படத்துக்காக இந்தப் பாட்டை மறு உருவாக்கம் செய்தபோது விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. உரிமை இசையமைப்பாளரிடமா, சரிகமா நிறுவனத்திடமா என்பதுதான் கேள்வி. 2025 தொடக்கத்தில் நீதிமன்றம் முதல் பார்வையில் சரிகமா பக்கம் நின்றது. நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் நீதிமன்றம் போய்ச் சண்டை போடுற அளவுக்கு விலையுள்ள பாட்டு. ஆனா அந்தப் பாட்டு யாருகிட்ட, எந்த நிலைமையில பாடப்பட்டதுங்கிறது எங்கேயும் பேச்சா வரல. அது நீதிமன்றத்தோட வேலை இல்லதான். நம்ம வேலையா இருக்கலாம்.

சேகரிப்பவன்

கடத்திக்கொண்டு போய் ‘கொஞ்ச நாள் என்கூட இருந்தா உனக்கே என்னைப் பிடிச்சுடும்’ என்று நம்புகிற ஆண், பாலு மகேந்திரா கண்டுபிடித்த ஆள் இல்லை. 1963-ல் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஃபௌல்ஸ் ‘தி கலெக்டர்’ என்ற நாவலை எழுதினார். பட்டாம்பூச்சிகளைச் சேகரிக்கிற ஒரு குமாஸ்தா, ஓர் ஓவியக் கல்லூரி மாணவியைக் கடத்தி வீட்டின் நிலவறையில் வைக்கிறான். 1965-ல் வில்லியம் வைலர் அதைப் படமாக்கினார். டெரன்ஸ் ஸ்டாம்ப், சமந்தா எகர் இரண்டு பேருக்கும் கான் விழாவில் நடிப்பு விருது கிடைத்தது.

நாவலில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. அதில் ஒரு பெரிய பகுதி அவன் சொல்வது. இன்னொரு பெரிய பகுதி, அடைபட்ட அறையில் அந்தப் பெண் எழுதுகிற நாட்குறிப்பு. ஒரே சம்பவம், இரண்டு வாய். அவன் ‘அன்பா நடந்துக்கிட்டேன்’னு சொல்ற நாளை அவள் எப்படி எழுதியிருக்கிறாள் என்று நாம் படிக்கிறோம். அவன் மேல நமக்கு வந்திருக்கக்கூடிய பரிதாபமெல்லாம் அங்கே கரைஞ்சு போயிடும்.

நம்ம படங்களில் இந்த நாட்குறிப்புதான் காணாமப் போச்சு. ‘மூடுபனி’க்கு இரண்டு வருஷம் முன்னாடி வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தை எடுத்துக்கோங்க. பெண்களைக் கொல்கிற நாயகனின் சின்ன வயசுக் காயம் நமக்கு விரிவாகச் சொல்லப்படும். ‘மூடுபனி’யில் சந்துருவின் அம்மா, அப்பா கதை. அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கு. ரேகா பெங்களூரில் எப்படி வாழ்ந்தாள், திரும்பிப் போன பிறகு எப்படித் தூங்குவாள் என்பதற்கு இல்லை. கொல்லப்பட்ட பெண்களுக்குச் சுத்தமா இல்லை.

அடுத்து வந்தவர்கள்

இதே சங்கிலியில் அடுத்த கண்ணி, 1991 தீபாவளிக்கு வந்த ‘குணா’. சந்தான பாரதி இயக்கம், கமல்ஹாசன் நடிப்பு. மனநலம் பாதிக்கப்பட்ட குணா, தன் கற்பனையில் இருக்கிற அபிராமி என்று நம்பி ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போய்க் கொடைக்கானலில் ஒரு பாழடைந்த கட்டடத்திலும், பிறகு ஒரு குகையிலும் வைக்கிறான். ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டு அந்தக் குகையில்தான் வருகிறது. அதற்குள் அவள் மனசு மாறியிருக்கும் என்பது உண்மை. ஆனாலும் கடத்திக்கொண்டு வந்த இடம் அது.

2024-ல் ‘மஞ்சும்மெல் பாய்ஸ்’ வந்தபோது அந்தப் பாட்டு நண்பர்களோட பாட்டா மாறிச்சு. தியேட்டர்ல கைதட்டல் அடங்கவே இல்ல. நானும் அழுதேன். ஆக, தமிழின் மிகப் பிரபலமான காதல் பாட்டுகளில் இரண்டு, ஒன்று ஊட்டி, ஒன்று கொடைக்கானல், கடத்தினவன் கடத்தப்பட்டவளோட இருக்கிற இடத்துல வர்ற பாட்டுகள். இரண்டுக்கும் இசை இளையராஜா. எனக்கு இது தற்செயல்னு விட்டுட்டுப் போக முடியல.

2003-க்கு வாங்க. அந்த வருஷம் இரண்டு படம். ஒன்று செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’. தனுஷ் நடித்த வினோத், கொடுமையான குழந்தைப் பருவத்தைத் தாண்டி வந்தவன். தான் விரும்பும் திவ்யாவைத் தனியான ஒரு மலை இடத்துக்குக் கொண்டுபோய், உண்மையை மறைத்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறான். படம் முடியும்போது தியேட்டரே அவனுக்காக அழுதது.

இன்னொன்று ‘ஜூலி கணபதி’. இயக்கியது யார் தெரியுமா? அதே பாலு மகேந்திரா! ஸ்டீபன் கிங்கின் ‘மிசரி’யை ஒத்த கதை. விபத்தில் அடிபட்ட ஓர் எழுத்தாளரை, அவருடைய தீவிர ரசிகை தன் வீட்டில் அடைத்து வைக்கிறாள். ஜெயராம் எழுத்தாளர், சரிதா ரசிகை. இருபத்து மூணு வருஷம் கழிச்சு, அதே இயக்குநர், அதே மாதிரி தனி வீடு, அதே மாதிரி ‘நான் உன்மேல அன்பா இருக்கேன்’ங்கிற பிடிவாதம். அடைத்து வைக்கிறது மட்டும் பெண், அடைபடுறது ஆண்.

இப்ப உங்களையே கேட்டுக்கோங்க. ஜூலியைப் பார்க்கும்போது நமக்கு என்ன தோணுது? பயம். அந்த மனுஷன் எப்படியாவது வெளியே வந்துடணும். யாரும் ‘பாவம், அவ எவ்வளவு ஆசை வெச்சிருக்கா, அவரு புரிஞ்சுக்கக் கூடாதா’ன்னு கேட்கிறதில்ல. சந்துருவுக்கும் வினோத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். அதே குற்றம். செய்யறது ஆணா இருந்தா நமக்குக் காதல் ஞாபகம் வருது. பெண்ணா இருந்தாத்தான் நமக்குப் பூட்டு கண்ணுக்குத் தெரியுது.

‘அவளுக்கும் பிடிச்சுடுச்சே’

இந்தக் கதைகளைப் பேசினா உடனே ஒருத்தர் ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’னு சொல்வார். அதன் பின்னணியையும் பார்த்துடுவோம். 1973 ஆகஸ்டில் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக்குள் ஒரு கொள்ளையன் புகுந்தான். நாலு ஊழியர்கள், மூன்று பெண்கள், ஓர் ஆண், ஆறு நாள் பிணையாக இருந்தார்கள். வெளியே வந்தபோது அவர்கள் போலீஸைவிடக் கொள்ளையர்கள் மேல் பரிவாகப் பேசினார்கள். போலீஸுக்கு ஆலோசகராக இருந்த நில்ஸ் பெஜரோட் என்ற மனநல மருத்துவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார். அதுதான் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்ப் பட்டியல் கையேட்டில் அது ஒரு தனி நோயாக இடம்பெற்றதே இல்லை. பிணையாக இருந்த பெண்களில் ஒருவரே பிற்காலத்தில் அந்த முத்திரையை மறுத்தார். துப்பாக்கி வைத்திருப்பவனோடு சுமுகமாக இருந்தது உயிர் பிழைக்க என்பது அவர் பக்கத்து நியாயம்.

சரி, ரேகாவோட அமைதிக்குத் திரும்ப வாங்க. நாம அதுக்கு இரண்டு பெயர்தான் வெச்சிருக்கோம். ஒண்ணு காதல், இல்லன்னா வியாதி. மூணாவதா ஒண்ணு இருக்கு: புத்திசாலித்தனம்.

அம்மா சொன்னது

படம் முடிஞ்சுது. நான் அம்மாகிட்ட, “அந்தக் காலத்துல நீங்கல்லாம் இந்தப் பாட்டுக்கு உருகியிருப்பீங்களே?”ன்னு கேட்டேன். அம்மா டிவியை நிறுத்திட்டுச் சொன்னாங்க:

“நாங்க அஞ்சு பொண்ணுங்க சேர்ந்து போனோம். அவ எப்பத் தப்பிப்பான்னுதான்டா உட்கார்ந்திருந்தோம். பாட்டை யாரு கேட்டா?”

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, சாதாரணமா, ஏதோ காய்கறி விலை சொல்ற மாதிரி சொன்னாங்க. அந்தப் படம் வந்த பிறகு, பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒருத்தன் ஆறு மாசம் அவங்க பின்னாடியே வந்திருக்கான். கிட்ட வந்து ஒண்ணும் பேசல. அந்தப் பாட்டைத்தான் பாடிக்கிட்டே வருவானாம். வீட்டுல சொன்னா காலேஜை நிறுத்திடுவாங்க. அதனால அம்மா சொல்லல. சாயங்கால டைப்ரைட்டிங் கிளாஸை மட்டும் நிறுத்திட்டாங்க. ஹையர் தேர்வு எழுதவே இல்ல.

“அப்போ அக்கா கல்யாணத்துல நான் அதைப் பாடினப்போ ஏம்மா ஒண்ணும் சொல்லல?”

“நீ ஆசையாப் பாடினே. உனக்கு எப்படித் தெரியும்?”

அம்மா பின்னாடி நடந்து வந்தவன் செஞ்சதுக்கு அன்னைக்குச் சட்டத்துல தனிப் பேர்கூட இல்ல. கட்டாயக் கல்யாணத்துக்காக ஒரு பெண்ணைக் கடத்தினால் பத்து வருஷம் வரை தண்டனை என்று 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 366-ஆவது பிரிவிலேயே இருந்தது. சந்துரு செஞ்சது அன்னைக்கும் குற்றம்தான். ஆனால் பின்தொடர்தல்? 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாடு ஈவ்-டீஸிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது தனிக் குற்றம் என்று நாடு முழுக்கச் சட்டம் வந்தது 2013-ல், 354டி என்ற பிரிவாக. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78. முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை சிறை. படம் வந்து முப்பத்து மூணு வருஷம் கழிச்சு.

ஷோபா

கடைசியா ஷோபாவைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். 1980 மே 1-ஆம் தேதி காலமானார். வயது 17. ‘மூடுபனி’ வெளியானதை அவர் பார்க்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு தியேட்டர்ல உட்கார்ந்த ஒவ்வொருத்தருக்கும் அது தெரியும். அவர் இறந்ததைப் பற்றி நாப்பது வருஷமா ஆயிரம் பேச்சு. அதுல நான் சேரப் போறதில்ல. படத்துல அவர் செஞ்சதைப் பார்த்தாலே போதும். திரைக்கதை ரேகாவுக்கு நாட்குறிப்பு எதுவும் கொடுக்கல. ஷோபா தன் கண்ணாலேயே அதை எழுதிட்டுப் போயிருக்கார். நாமதான் படிக்கல.

பாட்டைத் தடை பண்ணணும்னு நான் சொல்ல வரல. அது அற்புதமான பாட்டு. நேத்துக்கூடக் கேட்டேன். ‘மூடுபனி’யும் நல்ல படம், பாருங்க. பார்க்கும்போது பாட்டு வர்ற இடத்துல ஒரே ஒரு தடவை கிட்டாரை விட்டுட்டு, எதிர்ல இருக்கிறவளைப் பாருங்க. உங்க வீட்டுல அந்தக் காலத்துல அந்தப் படத்தைப் பார்த்த ஒரு அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ இருந்தா, பக்கத்துல உட்கார வெச்சுப் பாருங்க. முடிஞ்சதும் டிவியை நிறுத்திட்டு அவங்க பேசுற வரைக்கும் கொஞ்சம் சும்மா இருங்க.

நான் அம்மாகிட்ட, இனிமே கல்யாணத்துல அந்தப் பாட்டைப் பாட மாட்டேன்னு சொன்னேன். “அதெல்லாம் பாடு, பாட்டு என்னடா பண்ணுச்சு?”ன்னு சொல்லிட்டு, “ஆனா அந்த ஹையர் பரீட்சை மட்டும் எழுதியிருக்கலாம்”னாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.